ராத்திரி ராகங்களைத் தேடி

சென்னை சபாக் கச்சேரியில் நீலாம்பரி கேட்க ஆசைப்பட்டால் நான்கைந்து நிமிஷம் கிடைக்கும். அதுவும் கடைசியில், துக்கடாக்களோடு துக்கடாவாக, பாதி அரங்கம் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில். பூபாளம், பௌளி இவற்றின் கதி இன்னும் மோசம். விடியலுக்குரிய ராகங்கள், சாயங்காலம் ஆறரை மணிக் கச்சேரியில் ராகமாலிகையின் ஓரத்தில் இடம் கிடைத்தாலே பெரிது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) சீர்படுத்திக் கொடுத்த கச்சேரிப் பத்ததியைக் குறை சொல்ல நான் ஆளில்லை. வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிவதற்குள் நம் சங்கீதத்தின் எல்லா அறைகளையும் ஒருமுறை திறந்து காட்டிவிடுகிற ஏற்பாடு அது. ஆனால் அங்கே ஓடுவது சபாவின் கடிகாரம். ராகத்துக்கென்று தனியாக ஒரு கடிகாரம் உண்டு என்பதை நான் ரயிலேறிப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

பிடித்த கச்சேரிகள் எவை என்று யாராவது கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவதெல்லாம் வெளியூர்கள்தான். பெரும்பாலும் கண் விழித்துக் கேட்டவை. யார் பாடினார்கள் என்பதுகூடச் சில சமயம் பின்னுக்குப் போய்விடுகிறது. அப்போது மணி என்ன, எவ்வளவு குளிர், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் அப்படியே இருக்கிறது.

கொல்கத்தாவிலிருந்து தொடங்குகிறேன். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஒரு பகல், ஒரு இரவு. 1,600 கிலோமீட்டருக்கு மேல். ஆந்திரக் கடற்கரை முழுக்க ஜன்னல் வழியே நெல்வயலும் பனைமரமும். ஒடிசா தாண்டும்போது போர்வையை எடுக்க வேண்டியிருக்கும். ஜனவரிக் கொல்கத்தாவின் குளிர் டெல்லிக்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். நம்மூர்க்காரர்களுக்கு அது போதும். வங்காளிகளுக்கோ அது ஒரு திருவிழா. அலமாரியிலிருந்து குரங்குக் குல்லாயை எடுத்து மாட்டிக்கொள்ளக் கிடைக்கும் சில வாரங்கள் அவை.

டோவர் லேன் என்பது தெற்குக் கொல்கத்தாவில் கரியாஹாட் பக்கம் உள்ள ஒரு தெரு. 1952இல் அந்த வட்டாரத்து ரசிகர்கள் தொடங்கிய இசை மாநாடு அந்தத் தெருவின் பெயரோடேயே வளர்ந்து, இப்போது ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் இருக்கும் நஸ்ருல் மஞ்ச அரங்கில் நடக்கிறது. நேதாஜி பிறந்தநாளான ஜனவரி 23ஐ ஒட்டிச் சில இரவுகள். இரவுகள் என்று சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. மாலையில் தொடங்கினால் விடிந்த பிறகுதான் முடியும். பாட்டி, பேரன், போர்வை, ஃபிளாஸ்க், காற்றுத் தலையணை என்று குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். வெளியே மண்குவளையில் தேநீர், மீன் வறுவல், முட்டை ரோல், பனிக்காலத்து ஈச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷ். நம் சபா கேன்டீனின் வாழையிலைச் சாப்பாட்டுக்கு இணை வைக்க முடியாது. இருந்தாலும் நடுநிசி இரண்டு மணிக்கு அந்த மண்குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் சுகம் நம் கேன்டீனில் கிடையாது. இரண்டு மணிக்கு நம் கேன்டீன்காரர் பாத்திரம் கழுவி, வீட்டுக்குப் போய், தூங்கியும் இருப்பார்.

முதல் இரண்டு கச்சேரிகளை நான் வெறும் ஆர்வத்தில் கேட்டேன். யமனும் பாகேஸ்ரீயும் முன்னிரவுக்குரியவை. நமக்கும் ஓரளவு பழக்கமானவை. நள்ளிரவு தாண்டி ஒரு பாடகர் தர்பாரி கானடாவை எடுத்தார். தான்சேன் அக்பர் சபைக்காக உருவாக்கியது என்று அவர்கள் மரபாகச் சொல்லும் ராகம். அதில் காந்தாரத்தை நேராகத் தொட மாட்டார்கள். ஊஞ்சல் போல மெல்ல ஆடவிட்டு, இறக்கத்தில் வளைத்து விடுவார்கள். அந்த ஒரு ஸ்வரத்தைச் சுற்றியே இருபது நிமிஷம் போயிற்று. சென்னையில் இருந்தால் எனக்கே பொறுமை இருந்திருக்காது. அங்கே எங்கும் போக வேண்டியதில்லை. கடைசி பஸ் எப்போதோ போய்விட்டது.

பக்கத்து இருக்கையில் பெரியவர் ஒருவர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தியும் ஆங்கிலமுமாக என்னிடம் பேசினார். என் கண் சொக்குவதைப் பார்த்துவிட்டு, “இப்போது தூங்கிக்கொள். கடைசிக் கலைஞர் உட்காரும்போது எழுப்புகிறேன். அப்போது தூங்கினால்தான் பாவம்,” என்றார். சொன்னபடி நான்கு மணிக்குத் தோளைத் தட்டினார்.

கடைசியாக வந்தவர் சரோத் கலைஞர். சரோதின் வயிற்றில் ஆட்டுத்தோல் போர்த்தியிருக்கும். பனி ஏறினால் அந்தத் தோல் தளரும், சுருதி நழுவும். அவர் கால் மணி நேரம் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பிறகு லலித் தொடங்கினார்.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு லலித் கொஞ்சம் திகைப்பான ராகம். பஞ்சமம் கிடையாது. அதற்குப் பதில் சுத்த மத்தியமமும் பிரதி மத்தியமமும் அடுத்தடுத்து வரும். நம் 72 மேளகர்த்தா ஏற்பாட்டில் ஒரு மேளத்துக்கு ஒரு மத்தியமம்தான். முதல் முப்பத்தாறு சுத்த மத்தியமத்துக்கு, அடுத்த முப்பத்தாறு பிரதி மத்தியமத்துக்கு என்று பாகம் பிரித்தாயிற்று. இங்கே இரண்டும் ஒரே வீட்டில். ஹிந்துஸ்தானி சங்கீதத்துக்கு இலக்கணம் தொகுத்த பாத்கண்டே (1860–1936) மத்தியமத்தை வைத்துத்தான் பொழுதைப் பிரிக்கிறார்: பொதுவாகப் பிரதி மத்தியமம் ஓங்கினால் மாலையும் இரவும், சுத்த மத்தியமம் ஓங்கினால் காலை. இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஜோசியம் மாதிரி இருந்தது. லலித்தின் இசைத்தட்டுகளை வீட்டில் மத்தியானம் போட்டுக் கேட்டதும் உண்டு. நன்றாகத்தான் இருந்தது, அவ்வளவுதான். இருட்டு இன்னும் போகாமல் வெளிச்சம் இன்னும் வராமல் இருக்கிற அந்த வேளையில், இரண்டு மத்தியமத்துக்கும் நடுவே அந்த மனிதரின் விரல் நகம் எஃகுப் பலகையில் வழுக்கிப் போனபோது பாத்கண்டே சொன்னது ஜோசியமில்லை என்று புரிந்தது. இரவின் ஸ்வரமும் காலையின் ஸ்வரமும் ஒன்றை ஒன்று விட்டுக்கொடுக்காமல் நின்றன. வெளியே வந்தபோது ஏரிக்கரையில் ஸ்வெட்டர் போட்ட நடைப்பயிற்சிக்காரர்கள். ஆசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “நாளைக்கும் வா,” என்று சொல்லிவிட்டுப் போனார். போனேன்.

புனேயில் இந்த யோகம் வாய்க்கவில்லை. குருவான ஸவாய் கந்தர்வரின் நினைவாக பீம்சேன் ஜோஷி 1953இல் தொடங்கிய விழா அங்கே டிசம்பரில் நடக்கிறது. பல ஆண்டுகள் அதுவும் விடிய விடிய நடந்த விழாதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வந்தபின் திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை விலக்குத் தரலாம். கூரையும் சுவரும் உள்ள கொல்கத்தா அரங்கம் தப்பியது. பந்தல் போட்டு நடத்தும் புனே மாட்டிக்கொண்டது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் என்ற முறையில் அந்த விதியை நான் ஆதரிக்கிறேன். ரசிகன் என்ற முறையில், மால்கௌன்ஸுக்கும் தர்பாரிக்கும் அங்கே நிம்மதியாக உட்கார இடமில்லாமல் போனதில் வருத்தம் உண்டு. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கேட்கும் கூட்டம் வேறெங்கும் அபூர்வம். விழாவின் நிறைவில் ஸவாய் கந்தர்வர் பாடிய பழைய பைரவி ஒலிப்பதிவைப் போடுகிறார்கள். அவர்கள் பைரவியின் ஸ்வரங்கள் நம் தோடியின் ஸ்வரங்கள். கரகரத்த அந்த ஒலிப்பதிவுக்கு அத்தனை பேரும் அசையாமல் இருக்கிறார்கள்.

காசிக்கு சித்திரை வெயிலில் போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். அனுமன் ஜயந்தியை ஒட்டித்தான் சங்கட மோசன் கோயில் இசை விழா. அது சைத்ர மாதப் பௌர்ணமியில் வருகிறது, பெரும்பாலும் ஏப்ரலில். வேறு வழியில்லை. பகலில் தெருவில் கால் வைக்க முடியாது. தமிழர்களுக்கு அங்கே பழைய சொந்தம் உண்டு: நகரத்தார் சத்திரம், அனுமன் படித்துறையைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்கள், தெருவிலேயே கேட்கும் தமிழ்ப் பேச்சு. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் சிதம்பரநாத யோகியோடு வந்து சில ஆண்டுகள் வாழ்ந்ததும் இந்த ஊரில்தான். ஹமீர் கல்யாணி, த்விஜாவந்தி, பிருந்தாவன சாரங்கா போன்ற வடநாட்டு வாசனையுள்ள ராகங்களில் அவர் செய்த கிருதிகளுக்கு விதை விழுந்தது இந்தப் படித்துறைகளில் என்று சொல்வார்கள். மத்தியானம் அந்தத் துறையில் நிழல் தேடி உட்கார்ந்தபோது அதை நம்புவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

விழா 1923இல் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் கிடையாது. கலைஞர்கள் பணம் வாங்குவதில்லை. அனுமன் முன்னால் வாசிக்கிற காணிக்கை என்று வருகிறார்கள். கோயிலின் தலைமை மஹந்தாக இருந்த வீரபத்ர மிஸ்ரா பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர், கங்கைத் தூய்மைக்காகப் போராடியவர். 2015இல் பாகிஸ்தானின் கஜல் பாடகர் குலாம் அலி இங்கே வந்து பாடினார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நாள் முழுக்க வெயில் குடித்த கல்தரையில் உட்கார்ந்தால் நள்ளிரவு வரை சூடு இறங்காது. குரங்குகள் கூரை மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன. பெரிய மேடை ஒழுங்குகள் எதுவும் கிடையாது. பாட்டின் நடுவில் யாரோ மணி அடிப்பார்கள், யாரோ லட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். முதல் ஒரு மணி நேரம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு ஓர் அம்மாள் சைத்தி பாடினார். சைத்தி என்பது சைத்ர மாதத்தில் மட்டும் பாடும் கிராமத்துப் பாட்டிலிருந்து வளர்ந்த வகை. மழைக்காலத்துக்குக் கஜ்ரி இருப்பது போல. ஆகவே நான் கேட்டது அந்த நாழிகைக்குரிய பாட்டு மட்டுமல்ல, அந்த மாதத்துக்கும் உரியது. காசிக்காரர்கள் அதைக் கேட்கும்போது தலையாட்டுவது ராகத்துக்காக இல்லை என்று தோன்றியது. அறுவடை முடிந்து, வெயில் ஏறி, வெளியூர் போன கணவன் வராமல் இருக்கிற அந்த மாதத்தை அவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. வெளியாளாக உட்கார்ந்து ரசித்தேன் என்பதே உண்மை.

அங்கிருந்து திரும்பியபின்தான் நம் பக்கத்தை ஒழுங்காகப் பார்க்கத் தோன்றியது.

திருவையாறு எல்லோரும் அறிந்த ஊர். தஞ்சாவூரிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று வரிசையாகக் கடந்து காவிரிக்கரையில் இறங்கலாம். தியாகராஜர் ஆராதனை நடக்கும் தை மாத பகுள பஞ்சமிக் காலையில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகப் பஞ்சரத்தினங்களைப் பாடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நேரில் போனால் கேமராக்காரர்களின் முதுகும் தெரியும். பெண்கள் அங்கே பாடவே முடியாமல் இருந்த காலத்தில், தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைச் செலவழித்துக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் 1952இல் மறைந்தார். அவர் சிலை தியாகராஜர் சந்நிதியைப் பார்த்தபடி அங்கேயே இருக்கிறது. பஞ்சரத்தினத்தை விட எனக்குப் பிடித்தது அந்தப் பந்தலின் ராத்திரிகள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேடை; ஒன்றில் பாடி முடிப்பதற்குள் மற்றதில் அடுத்தவர் சுருதி சேர்த்துத் தயாராக இருப்பார். பிரபலமானவருக்கும் அதே சில நிமிஷங்கள்தான், பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த இளைஞனுக்கும் அதேதான். வீண்பேச்சுக்கு நேரமில்லாததால் ஒவ்வொருவரும் தன் கையிலிருப்பதில் சிறந்ததையே எடுத்து வைக்கிறார்கள். மணலில் சாய்ந்துகொண்டு, கடைவீதியில் வாங்கிய அசோகா அல்வா பொட்டலத்தோடு கேட்கலாம்.

ஆனால் ராகத்தின் கடிகாரம் நம்மிடம் முழுசாக ஓடும் இடம் கோயில் நாயனம்தான். விடியலில் பூபாளம், பௌளி, மலயமாருதம், உச்சியில் மத்தியமாவதி, மாலையில் பூர்விகல்யாணி, சங்கராபரணம், பள்ளியறைக்கு நீலாம்பரி, ஆனந்தபைரவி என்று மேளக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு பாத்கண்டே கணக்குக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. இதை யாரும் மாநாடு கூட்டிச் சொல்லவில்லை. தினமும் வாசித்துவிட்டுப் போகிறார்கள்.

சிதம்பரம் போகிற வழியில் நரசிங்கன்பேட்டையில் இறங்கினேன். கும்பகோணம்–மயிலாடுதுறை சாலையில் உள்ள சின்ன ஊர்; அதன் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் செய்கிறார்கள். புது மரம் உதவாது; இடித்த பழைய வீடுகளின் உத்தரமும் தூணும்தான் வேண்டும். பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கி ஈரமெல்லாம் வற்றிய கட்டை. இந்த ஊர் ரங்கநாத ஆசாரிதான் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக (1898–1956) நீளமான பாரி நாகஸ்வரத்தைச் சீர்செய்து கொடுத்தவர். அதற்குமுன் வீதியில் முழங்கியது குட்டையான, உச்சஸ்தாயித் திமிரி நாயனம். மைக் வந்தது, பாரி வந்தது, நாயனம் மேடையேறி உட்கார்ந்தது. பிள்ளையின் தோடி அந்தப் பாரியில் பிறந்ததுதான்.

சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரையை ஒட்டிப் பத்து நாள் உற்சவம். கவனியுங்கள், சென்னையில் சீசன் உச்சத்தில் இருக்கும் அதே நாட்கள். இரவில் பஞ்சமூர்த்திகள் நான்கு தேர்வீதிகளையும் சுற்றி வருகிறார்கள். கிழக்குக் கோபுரத்துக்கு வெளியே தேநீர்க் கடையில் கேட்டேன்: “அண்ணே, எங்க நின்னா நாயனம் நல்லா கேக்கும்?” அவர் பால் ஆற்றிக்கொண்டே, “வாசல்ல நிக்காதீங்க சார், கூட்டம். முக்குக்குப் போயிடுங்க. அங்கதான் சாமி நிக்கும், அவங்களும் நின்னு வாசிப்பாங்க,” என்றார்.

முதலில் தவில் மட்டும் தனியாக அலாரிப்பு. வலது கைவிரல்களில் மாட்டிய கூடுகள் வலந்தலையில் விழ, இடது கைக்கழி தொப்பியில் இறங்க, வீதி முழுக்க அதிர்ந்தது. சாமி வெளியே வந்ததும் கம்பீரநாட்டையில் மல்லாரி. மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது, ஸ்வரமும் தாளமும்தான். சாமி புறப்பாட்டுக்கு மட்டுமே வாசிக்க வேண்டியது என்று மேளக்காரர்கள் கறாராக வைத்திருந்தார்கள். காலம் ஏற ஏற, ஸ்ரீபாதம் தாங்கிகளின் நடையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அரங்கத்தில் மல்லாரி கேட்டபோதெல்லாம் ஏதோ குறைகிறதே என்று இருக்கும். குறைந்தது நடைதான்.

முக்கில் சாமி நின்றது. பெரியவர் சீவாளியை மாற்றி, ஈரப்படுத்தி, காம்போதியை எடுத்தார். மைக் இல்லை. டியூப்லைட் தூக்கியவர்கள், பலூன்காரர், வீட்டு வாசலில் கோலத்தை மிதிக்காமல் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, ஏழெட்டு ரசிகர்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. காம்போதியின் நிஷாதத்தில் அவர் நின்றபோது அந்த ஒலி எதிர்வரிசை வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அவரோடேயே சேர்ந்தது. எந்த ஒலிப்பொறியாளரும் தர முடியாத எதிரொலி. அரை மணிக்கு மேல் போயிற்று. தவில்காரர் நடுவில் தாளத்தை விட்டுவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார். சரோதில் கேட்ட லலித்தின் நுணுக்கம் இதில் இல்லை. வீதியில் அது எடுபடவும் எடுபடாது. ஆனால் இவ்வளவு பெரிய காம்போதியை நான் கூரைக்குக் கீழே கேட்டதில்லை.

சாமி நகரும் நேரம் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தபடி, “யாராச்சும் நின்னு கேட்டா வாசிக்கத் தோணும் சார். இல்லேன்னா ரெண்டு உருப்படிய ஊதிட்டுப் போயிடுவோம்,” என்றார். குறையாகச் சொல்லவில்லை. நிலவரம் அது.

விடிய விடிய இசை கேட்க விரும்புகிறவர்கள் ஜனவரி நான்காம் வாரம் கொல்கத்தாவுக்கும் ஏப்ரலில் காசிக்கும் போகலாம். போர்வையும் விசிறியும் முறையே எடுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்துக்கு மார்கழியை விட்டால் ஆனித் திருமஞ்சன உற்சவமும் உண்டு, அதே நான்கு வீதி, அதே புறப்பாடு. டிக்கெட் கிடையாது, இருக்கை எண் கிடையாது. கைபேசியில் படம் பிடிப்பதைக் கொஞ்சம் ஒத்திவைத்து, வாசிக்கிறவர் பார்வை படுகிற இடத்தில் நில்லுங்கள். பிடித்திருந்தால் வாய் விட்டுச் சொல்லுங்கள். முடிந்ததும் அவர் கையில் ஏதாவது கொடுங்கள்.